எந்த ரெண்டை மாற்றினாலும்

சோடா மூடி அகலம்தான் மோட்டார்.
மூன்று ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது
கோழிக்குஞ்சின் விரல்களாய்.
"இதுக்குப் போயி சிலுவாட்டுக் காசைக் கொட்டுனியா"
என்றாள் மரகதமணி.
கையிலும் வாங்கிக்கொண்டாள்.
நகத்தால் சுண்டிவிட்டாள்.
பன்னிரண்டு பல், பதினாலு காந்தம்,
பல்லுக்கு எத்தனை சுற்று என்று
சோற்றை மறந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.
கணபதியில் காயில் கட்டுகிறவர்களுக்கு
எண்ணாமல் எதையும் பார்க்க வராது.

அன்னூரிலிருந்து, அவினாசியிலிருந்து
போன் வரும் கடைக்கு:
மோட்டார் ஓடுதுங்க, தண்ணி ஏற மாட்டேங்குது.
நாங்கள் சொல்வது ஒரே வாசகம்:
மூணுல எதாச்சும் ரெண்டை மாத்திப் போடுங்க.
இன்னார் இன்னாரோடுதான் என்கிற கணக்கு
கரண்டுக்குக் கிடையாது.
ஊரில் ரெண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தால்
பஞ்சாயத்துக் கூடும்.

பேட்டரிப் பக்கம் அப்படியில்லை.
அங்கே சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு.
போன மாதம் தூக்கக் கலக்கத்தில் மாற்றிச் செருகினேன்.
ஒரு பொட்டு வெளிச்சம்,
ஒரு மூச்சுப் புகை,
எழுநூற்றைம்பது ரூபாய்.
வீடு முழுக்க எங்கள் கடை வாசம்.

ஞாயிற்றுக்கிழமை, பொங்கலூர் தாண்டி
மழை காணாத ஒரு குட்டை.
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து
சுங்கம் கட்டாமல் வந்துகொண்டிருந்தது காற்று.
ஒயரைப் பற்றவைத்து, உறை மாட்டி,
தீக்குச்சி காட்டிச் சுருக்கியிருந்தேன்.
விசிறி மாட்டாமல் முதலில் வெறும் மோட்டார்
(ஆள்காட்டி விரலில் நாலு தையல், அது வேறு கதை).
தண்டில் ஒட்டிய இன்சுலேசன் டேப்புத் துண்டு
எந்தப் பக்கம் சுற்றுகிறதென்று பார்த்தேன்.
சரியான பக்கம்தான்.
விசிறியைக் கோத்து,
நட்டின் துளையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து
இறுக்கினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வீசினேன்.
தெர்மக்கோல் இறக்கை பத்தடி யோசித்தது,
மூக்கால் மண்ணைக் கிளறியது.
மறுபடி வீசினேன். மறுபடி மண்.
இழுக்காமல் இல்லை;
கூலி பேசாமல் கூப்பிட்ட ஆளைப்போல் இழுத்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன்.
ரெண்டு ஒயரை மாற்றினேன்.
விமானம் பின்னால் வந்து
என் நெஞ்சில் முட்டியது.
மரகதமணி சிரித்த சிரிப்பில்
பட்டி ஆடுகள் தலை தூக்கின.
பழையபடி மாற்றினேன்.
பதினோரு வருடம் சோறு போட்ட வாசகம்
குட்டைக்குள் செல்லாக்காசாய்க் கிடந்தது.

எதிரே காற்றாலைகள்.
அவை காற்றை வாங்கிக் கரண்டு கொடுக்கின்றன.
நான் கரண்டைக் கொடுத்துக்
கொஞ்சம் காற்று கேட்கிறேன்.
கொடுக்கல் வாங்கல் திரும்பினால்
முதுகும் வயிறும் திரும்ப வேண்டாமா
என்றெல்லாம் நான் குழம்புகையில்
அவள் விசிறியைத் தடவிக்கொண்டிருந்தாள்,
இலையின் ஒரு பக்கம் குழிவு,
ஒரு பக்கம் புடைப்பு.
"என்னமோ எழுதியிருக்குதே, பாத்தியா?"
பத்துக்கு நாலரை என்று இருந்தது.
என்னைப் பார்த்தபடி இருந்தது.
"எழுத்து போற திசையைப் பாக்கோணும்டி.
உன்னைய எதுக்குப் பாக்குது?
இம்பெல்லரை இப்பிடிப் போட்டா
கெணறே சிரிக்கும்."

யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.
எழுத்தை உள்ளே மறைத்து
எந்தக் கம்பெனி அச்சடிக்கும், அவ்வளவுதான்.

கழற்றி, திருப்பி, இறுக்கி,
இந்த முறை அவளே வீசினாள்.
ஆட்டுப்பட்டி வேலிக்கு மேல்,
முருங்கைத் தோட்டத்துக்கு மேல்,
வளைந்தபோது இறக்கை வெயிலைச் சரித்தது.
ஒரு கொளவிச் சத்தம்.
நாலு நிமிடப் பேட்டரிக்கு நாலு நிமிடம்
நாங்கள் ரெண்டு பேரும்
எதையும் எண்ணவில்லை.

இறங்கும்போது கல்லில் பட்டு
ஓர் இலை முறிந்தது.
ரிமோட்டை நான் துடைத்துக்கொண்டிருந்தேன்,
அவள் போய்ப் பொறுக்கி வந்தாள்.
இப்போது கடையில்
அதை வைத்துத்தான் வார்னிஷ் கலக்குகிறாள்,
எழுத்து மேலே தெரிகிற மாதிரி பிடித்து.